கடைசித் தோணி வரும் வரைக்கும்

போன கிழமை பர்சானா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு நண்டுத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை அறையில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான். ஸலாம் சொன்ன கையோடு படபடவென்று தொடங்கிவிட்டாள்.

“ராத்தா, தலைமைக் கந்தோரால சார்ட்டருக்குப் புதுப் படிவம் அனுப்பி இருக்காங்க. வடிவாத்தான் இருக்கு. ஆனா ‘எல்லைக்கு வெளியே’ எண்ட கட்டத்தத் தூக்கிட்டாங்க.”

“என்னத்துக்காம்?”

“அதுல ஒருத்தரும் ஒண்டும் எழுதுறல்லையாம். சும்மா வெறுமையாக் கிடக்காம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. வெறுமையாகக் கிடக்காம்! அந்த ஒரு கட்டத்துக்காக எங்கள் சுபத்ரா மிஸ் பட்ட பாட்டை இவர்களுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

சார்ட்டர் என்றால் பெரிய விசயம் ஒன்றுமில்லை. திட்டச் சாசனம் என்று தமிழில் போட்டிருப்பார்கள். ஒரு வேலை முறையைத் திருத்தத் தொடங்குமுன் எழுதி வைக்கும் ஒரு பக்கக் கடதாசி அது. என்ன பிரச்சினை, எதை அடையப் பார்க்கிறோம், எங்கிருந்து எதுவரை கை வைப்போம், எதில் கை வைக்க மாட்டோம், யார் செய்வது, எப்போது முடிப்பது என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் பொறுப்பேற்கும் பெரியவர் ஒப்பம் வைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பக்கத்தை நேர்மையாக எழுதுவதைக் கண்ணால் கண்டவள் நான். இன்றைக்கும் நினைத்தால் மேல் சிலிர்க்கிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம் சனம் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள் நாங்கள். முகாம், தென்னோலைக் கிடுகு வீடு, வெங்காயத் தோட்டத்தில் கூலி என்று காலம் போனது. யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு இந்தத் தொழிற்சாலை வந்தது. அவித்த நண்டின் சதையை ஓடு படாமல் பிரித்தெடுக்கும் மேசையில் சேர்ந்தேன். மேசைக்குத் தலைவி ஆனேன், பிறகு தரப் பரிசோதனைக்குப் போட்டார்கள். காரணம் என் மூக்கு. பழுதாகத் தொடங்கும் நண்டை மூடி திறக்குமுன் சொல்லிவிடுவேன். என் வாயும் பெயர் பெற்றதுதான், அதை மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீன் என்ற முறையைக் கொண்டுவந்தபோது எங்களைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் வைத்துப் படிப்பித்தார்கள். பயனில்லாமல் போகும் எதுவும் விரயம் என்று படம் கீறிக் காட்டினார்கள். வீண் நடை விரயம், தேவைக்கு மேல் செய்வது விரயம், காத்திருப்பது விரயம். அந்தக் கடைசிப் படத்தில் ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் படத்தைத் தொழிற்சாலைச் சுவரிலும் ஒட்டினார்கள். நாங்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம்.

அந்த முறையை நடத்த வந்தவர்தான் சுபத்ரா மிஸ். உடப்பு என்ற கரையோர ஊர்க்காரி, என்னைவிட வயதில் இளையவர். பொறியியல் படித்து வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார், கூட்டத்தில் கதிரையில் இருக்கவும் மாட்டார். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். நாங்கள் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

“ராத்தா, அது பாத்ததா, கேட்டதா?”

வெளியே மழை என்று சொன்னாலும் இதைத்தான் கேட்பார் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் மெல்ல மெல்லக் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம்.

அந்தப் பருவத்தில், களப்புக்கு அக்கரையில் உள்ள மீனவ ஊரான உச்சமுனையிலிருந்து வந்த நண்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. நண்டின் நீந்தும் காலின் அடியில் உள்ள பெரிய சதைத் துண்டு முழுசாக வந்தால்தான் வெளிநாட்டுக்குப் போகும். உச்சமுனை நண்டில் அது இளகி, விரல் பட்டவுடன் சிதறியது. மற்றக் கரைகளின் நண்டு கல்லு மாதிரி இருந்தது. தொழிற்சாலையின் பெரிய முகாமையாளர் ஜீ.எம். சேர் எங்களைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், நல்ல மனுசன்தான். ஆனால் எந்நேரமும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்.

“உச்சமுனையை நிறுத்துவோம். அதற்கு ஒரு சார்ட்டர் எழுதிக் கொண்டுவாருங்கள்” என்றார்.

உச்சமுனைக்கு நண்டு ஏற்ற எங்கள் படகு மட்டும்தான் போய்வந்தது. அது நின்றால் அந்தக் கரையில் நண்டு வலைக்கே வேலையில்லை. ஆண்கள் வலையைச் சுருட்டிவிட்டு வேறு ஊர்களில் கூலிக்குப் போக வேண்டியதுதான். ஊர் விட்டுப் போவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் நண்டு நாறினால் நாற்றம்தான், அதற்கும் நான்தான் பொறுப்பு.

சுபத்ரா மிஸ் மட்டும் மெதுவாகச் சொன்னார். “சேர், சார்ட்டர் தீர்ப்பு எழுதுற கடதாசி இல்ல. கேள்வி எழுதுற கடதாசி.”

முதல் கட்டம் பிரச்சினை. அதை எழுதும்படி பென்சிலை என்னிடம் தந்தார். ‘உச்சமுனைக்காரர் பழைய நண்டு தருகிறார்கள்’ என்று எழுதினேன். என்ன தெளிவு என்று எனக்கே பெருமையாக இருந்தது. மிஸ் வாசித்துவிட்டு அழித்தார்.

“இதுல ஆள் வரக்கூடாது ராத்தா.”

‘நேரத்துக்குக் குளிரூட்டாததால் நண்டு பழுதாகிறது’ என்று மாற்றினேன்.

“காரணமும் வரக்கூடாது. அத நாங்க இன்னும் பாக்கல்லையே.”

‘நண்டை நேரத்துக்கு எடுத்துவர வேண்டும்’ என்றேன்.

“அது மருந்து. மருந்தும் வரக்கூடாது.”

“ஆளும் வேணாம், காரணமும் வேணாம், மருந்தும் வேணாமெண்டா வெறும் நண்டுதான் மிஸ் மிச்சம்!” என்று பென்சிலை மேசையில் போட்டேன்.

மிஸ் சிரித்துவிட்டார். “அதேதான் ராத்தா. வெறும் நண்டப் பத்தி எழுதுங்க. எங்க, எப்ப, எப்பிடி இளகுது?”

நம்புவீர்களோ இல்லையோ, அந்த ஒரு வசனத்துக்கு எங்களுக்குப் பல நாள் பிடித்தது. தினமும் அவிக்கும் பானையடியில் நின்று, கரை வாரியாக நண்டை உடைத்துப் பார்த்தோம். கடைசியில் எழுதியது இதுதான்: ‘உச்சமுனையிலிருந்து வரும் நண்டின் சதை, அவிக்கும் பானைக்கு வரும்போதே மற்றக் கரைகளின் நண்டைவிட இளகியிருக்கிறது, அதில் பெரிய துண்டு முழுசாகக் கிடைப்பது அரிது.’ வாசித்துப் பார்த்தேன். யாரையும் குத்தவில்லை, ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை. கோபத்தைக் கழுவி எடுத்தால் ஒரு விசயம் இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்று பிரமித்துப்போனேன்.

அடுத்த கட்டம் எல்லை. எங்கிருந்து எதுவரை? கொள்வனவுப் பகுதிக்காரர் “எங்கட தொழிற்சாலை கேட்டிலிருந்து பானை வரைக்கும்” என்றார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். மிஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“கேட்டுக்கு வரும்போதே இளகி இருந்தா? கேட்டிலிருந்து தேடினா நாங்க ஒண்டையும் காண மாட்டோம். பிறகு பிழை உச்சமுனைலதான் எண்டு நாங்களே ஒப்பம் வச்ச மாதிரி ஆயிடும். வாங்க ராத்தா, போய்ப் பாத்திட்டு எழுதுவோம்.”

அடுத்த நாள் காலையில் எங்கள் படகில் உச்சமுனைக்குப் போனோம். இடையில் இருந்த உப்புத் தண்ணீர்க் களப்பு வெள்ளித் தட்டு மாதிரிக் கிடந்தது. நாங்கள் இறங்கும்போதே பல போட்கள் வந்துவிட்டிருந்தன. பெண்கள் வலையிலிருந்து நண்டைக் கழற்றிக் கூடைகளில் போட்டு ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே எங்கள் ஐஸ் பெட்டிகள், நிறைய ஐஸோடு, மூடியபடி இருந்தன. தராசு மரத்தில் தொங்கியது. ஆனால் ஒருவரும் நிறுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கரையில் எங்களுக்காக நண்டு நிறுத்து வாங்கும் ஹனீபா நானாவிடம் போனேன்.

“என்ன நானா, நிறுக்கிற எண்ணமே இல்லையா? நண்டு கருவாடாகிடும்!”

“இன்னும் ரெண்டு போட் வரோணும் தங்கச்சி.”

“வந்ததெல்லாத்தையும் நிறுத்து ஐஸில போடுங்களேன். அவங்க வந்தா அவங்கட நிறுக்கலாந்தானே.”

ஹனீபா நானா வாகை மரத்தடியில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தார். ஜெஸீமா என்று பெயர். வலையில் நண்டு கழற்றுபவர்களில் ஒருத்தி. அவள்தான் எங்களுக்குச் சொன்னாள், அழாமல், நேராக.

“அப்ப யுத்த காலம் ராத்தா. அண்டைக்கு எங்கட வீட்டுக்காரர்ட போட் மட்டும் வரல்ல. வந்தவங்க எல்லாம் நண்ட நிறுத்தாங்க, சோறு தின்னப் போய்ட்டாங்க. கரையில ஆள் இல்ல. ஆள் இல்லாட்டி ஆர் வரல்லண்டு ஆருக்குத் தெரியும்? நான் புள்ளக்கிக் காய்ச்சலெண்டு வீட்டுக்குள்ள இருந்தன். தேடப் போகக்குள்ள காத்து மாறிட்டு. ஆள் கிடைக்கவேயில்ல.”

“அதுக்குப் பிறகுதான்” என்றார் ஹனீபா நானா. “கடைசி போட் கரையத் தொடுற வரைக்கும் இங்க தராசத் தொடுறல்ல. நிறுக்காட்டி ஒருத்தரும் போக மாட்டான். எல்லாரும் நிண்டா வராதவன் ஆரெண்டு தெரியும். இது எழுதின சட்டமில்ல தங்கச்சி. ஆனா இது வரைக்கும் ஒருத்தரும் மீறினதில்ல.”

நான் அந்தக் கரையை இன்னொரு முறை பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. ஊர் முழுக்க ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. யா அல்லாஹ், இதையா நாங்கள் விரயம் என்று படம் கீறிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

சுபத்ரா மிஸ் ஐஸ் பெட்டியைக் காட்டி, “நானா, ஐஸ் இங்கேயே இருக்கே. அதுல போட்டு வச்சிட்டுக் காத்திருக்கலாமே?” என்று கேட்டார்.

ஹனீபா நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நிறுக்காத நண்டுக்கு ஐஸ் போடப்படாதெண்டு உங்கட கொம்பனிதானே மிஸ் சட்டம் போட்டீக்கி! தண்ணி பட்டா நிறை கூடுமாம்.”

மிஸ் என்னைப் பார்த்தார், நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர்களின் வழக்கத்தில் பிழையில்லை. எங்கள் சட்டத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே கரையில் சந்தித்ததில், ஐஸுக்குப் பக்கத்திலேயே நண்டு வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மிஸ், காரணம்தான் கையில கிடைச்சிட்டே. எழுதுவமா?”

“இல்ல ராத்தா. இது ஒரு நாள் பாத்தது. அதோட சாசனத்துல காரணம் வராது.”

கந்தோருக்கு வந்ததும் எல்லைக் கட்டத்தில் பென்சிலால் எழுதினார்: ‘வலை தண்ணீரை விட்டு வெளியே வருவதிலிருந்து நண்டு பானைக்குள் போகும் வரை.’ பிறகு கைப்பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தார். மிஸ் கையில் பேனாவைக் கண்டது அன்றைக்குத்தான். ‘எல்லைக்கு வெளியே’ என்ற கட்டத்தில் எழுதினார்: ‘கடைசித் தோணி வரும்வரை ஆட்கள் கரையில் காத்திருப்பது. இதில் கை வைக்கப்படாது.’

ஜீ.எம். சேரின் அறைக்கு நானும் போனேன். அவர் சிங்களத்தில் கதைத்தார், மிஸ்ஸும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

“இது என்ன? காத்திருப்பதால்தான் நண்டு பழுதாகிறது. அதையே தொடாமல் எதைத் திருத்தப் போகிறீர்கள்? இந்த வரியை அழியுங்கள்.”

“அழிக்க முடியாது சேர், பேனாவால் எழுதியிருக்கிறேன்.” மிஸ்ஸின் குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. “அந்தக் கரையில் இரண்டு காத்திருப்பு இருக்கிறது சேர். ஒன்று நண்டுடையது, மற்றது மனிதருடையது. நண்டின் காத்திருப்பை நான் எடுத்துத் தருகிறேன். மற்றதைக் கேட்காதீர்கள்.”

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். பிறகு தன் பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘இந்தப் பருவம் முடியுமுன் சரிவராவிட்டால் உச்சமுனைக் கொள்வனவு நிறுத்தப்படும்.’ அதன் கீழ் ஒப்பம் வைத்தார். மிஸ் கடதாசியை மடிக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன மிஸ், ஒரு ஊர்ட சோத்த ஒரு கடதாசில வச்சிட்டு வந்திருக்கோமே!”

“அது முந்தியே மேசைலதான் இருந்திச்சு ராத்தா. இப்ப எழுத்துல இருக்கு, அவ்வளவுதான்.”

பிறகு நடந்த வேலை நீளமானது. பல நாள் பார்த்து, காரணம் அதுதான் என்று உறுதி செய்துகொண்டோம். நண்டு கரைக்கு வந்தவுடன் வலைப்பைகளில் போட்டு, ஒவ்வொரு போட்டுக்கும் ஒவ்வொரு நிறக் கயிறு கட்டி, ஐஸுக்குள் வைப்பது என்று முடிவானது. நிறை கூடும் என்று கொள்வனவுப் பகுதிக்காரர் குதித்தார். ஹனீபா நானா ஒரு பை நண்டை அவர் முன்னால் உலர நிறுத்து, ஐஸில் வைத்து எடுத்து, நீர் சொட்டி முடியும் வரை தொங்கவிட்டு மறுபடி நிறுத்தார். முள் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

பருவம் முடியப்போகும் நேரம், தானே பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்லி ஜீ.எம். சேர் உச்சமுனைக்கு வந்தார். நானும் மிஸ்ஸும் கூடப் போனோம். பைகள் ஐஸில் இருந்தன. கரையில் எல்லோரும் நின்றார்கள். ஒரு போட் மட்டும் வரவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் போன போட். வெயில் உச்சிக்கு வந்தது. காற்றும் பிடிக்கத் தொடங்கியது.

“நிறுக்கச் சொல்லுங்கள், எனக்குக் கொழும்புக்குப் போக வேண்டும்” என்றார் சேர்.

ஒருவரும் அசையவில்லை. அவர் பெரியவர் என்பதற்காகக்கூட ஒரு கை தராசுக்குப் போகவில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஜெஸீமா முன்னால் வந்தாள்.

“சேர், உங்கட போட்ல பெரிய எஞ்சின் இருக்கு. அதத் தாங்க.”

மிஸ் சிங்களத்தில் சொல்லுமுன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. கடலைப் பார்த்தார். பிறகு எங்கள் படகோட்டியிடம் கையை அசைத்து, “யன்ன, யன்ன, கூட்டிக்கொண்டு போ” என்றார். ஹனீபா நானாவும் இன்னும் மூன்று பேரும் ஏறினார்கள். கரையில் கிடந்தவற்றில் இரண்டு போட்களும் பின்னால் போயின.

அதற்குப் பிறகு ஜீ.எம். சேர் செய்ததை நான் மறக்க மாட்டேன். நிழலில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள், அவர் இருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஊராரோடு ஊராராக மணலில் நின்றார். ஒரு முறைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எனக்கு மன்னாரிலிருந்து வந்த நாள் ஞாபகம் வந்தது. எங்கள் படகு பிந்தித்தான் கற்பிட்டியைத் தொட்டது. முன்பின் தெரியாத சனம் கரையில் நின்று எங்களைக் கைபிடித்து இறக்கியது. இவர்கள் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உச்சமுனை மணலில் நின்றுதான் அதற்குப் பதில் கிடைத்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவுமில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குக் கிட்டத்தான் எங்கள் படகு தெரிந்தது. பின்னால் கயிற்றில் ஒரு போட். எஞ்சின் நின்று, வெளிக்கடலுக்கு இழுபட்டுப் போயிருந்தார்களாம். இரண்டு தலையும் தெரிந்ததும் கரை முழுக்க அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரே சத்தம். அவர்கள் கால் மணலில் பட்டதும் ஜெஸீமா அந்தத் தம்பியின் தலையில் நனைந்த துவாயால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு தராசைப் பார்த்துச் சொன்னாள்.

“இப்ப நிறுங்க.”

நான் முதல் பையை அவிழ்த்து ஒரு நண்டை எடுத்து நீந்தும் காலின் அடியை உடைத்தேன். இவ்வளவு நேரம் காத்திருந்த நண்டு! சதை பளபளப்பாக, இறுக்கமாக, முழுசாக வந்தது. மூக்கில் வைத்தேன், கடல் மணம் மட்டும்தான். சேரிடம் நீட்டினேன். அவர் நண்டை வாங்கவில்லை. மிஸ்ஸிடம் கையை நீட்டி, “அந்தக் கடதாசி” என்றார்.

மிஸ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சேர் அதை ஐஸ் பெட்டியின் மூடியில் வைத்து, தான் எழுதிய அந்தக் கடைசி வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஒப்பம் வைத்தார். மிஸ்ஸின் வரியைத் தொடவில்லை. பிறகு படகில் ஏறி, புறப்படவா என்று கேட்ட படகோட்டியை நிறுத்திவிட்டு, கரையைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறிவிட்டார்களா?” என்று கேட்டார். நான் இன்னும் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில்தான் நின்றேன், அதுவும் அவருடைய சப்பாத்து.

இதையெல்லாம் பர்சானாவிடம் தொலைபேசியிலேயே சொல்லி முடித்தேன். அவள் மெல்லக் கேட்டாள்.

“இப்ப என்ன ராத்தா செய்ற? கட்டம் இல்லையே.”

“கட்டம் இல்லாட்டி கீறு. கோடு கீற அடிமட்டம் இல்லையா உன்னட்ட, இல்லாட்டி அதையும் தூக்கிட்டாங்களா?”

சிரித்துக்கொண்டே வைத்தாள். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேறொரு கரையின் நண்டுக் கொள்வனவுக்குப் புதுச் சாசனம். அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, கையால் கீறிய ஒரு பெட்டி. உள்ளே என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லையாம். நாளைக் காலையில் அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதப் போகிறாளாம்.